எட்டு ரெக்கார்டு, இரண்டாயிரம் குரோனர் தண்டம்

டிசம்பர் பிறந்தால் பாட்டுப் பைத்தியங்கள் எல்லோருக்கும் ஒரு காய்ச்சல் வரும், அந்த ஆண்டின் சிறந்த ஆல்பங்கள் என்று பட்டியல் போடுகிற காய்ச்சல். எனக்கு அது 2021 ஜனவரியிலேயே வந்துவிட்டது. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஆய்வு மாணவனாக இரண்டாவது குளிர்காலம். கொரோனாவால் எட்டுப் பேருக்கு மேல் கூடும் பொது நிகழ்ச்சிகளுக்குத் தடை, ஆய்வகத்தில் ஆள் மாற்றி ஆள்தான் வேலை, பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் கும்மிருட்டு. பேச்சுத் துணைக்கு அறையில் இருந்தது ஒரு ஹெட்போன். ஸ்ட்ரீமிங்கில் ஒரு நாளைக்கு நாலு ஆல்பம் கேட்பேன், மறுநாள் ஒன்றும் நினைவில் நிற்காது. அதனால் ஒரு திட்டம் போட்டேன். அந்த ஆண்டு வெளிவரும் ஸ்காண்டிநேவிய (ஸ்வீடன், நோர்வே, டென்மார்க்) இண்டி, ராக் ஆல்பங்களில் எட்டைத் தேர்ந்தெடுத்து, வெளியாகும்போதே வினைல் தட்டாக வாங்கி, ஒவ்வொன்றையும் உட்கார்ந்து முழுதாகக் கேட்டு, ஆண்டு முடிவில் வரிசைப்படுத்துவது. தட்டு ஒன்று ஏறக்குறைய 300 குரோனர் (ஸ்வீடன் நாணயம்), ஆக மொத்தம் 2,500-க்குள் முடிந்துவிடும் என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். குரோனர் ஒன்றுக்கு எட்டரை ரூபாய் என்று மனசு தானாகப் பெருக்கிப் பார்த்துப் பயந்தது. அதைச் சமாதானப்படுத்திவிட்டேன்.

முதல் தப்பு தட்டில் நடக்கவில்லை, பெட்டியில் நடந்தது. சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகிற ரெக்கார்ட் பிளேயர், ஸ்பீக்கரும் உள்ளேயே, 799 குரோனர். படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. ஜனவரி 8-ஆம் தேதி வெளியான வியாக்ரா பாய்ஸின் ‘வெல்ஃபேர் ஜாஸ்’தான் அதில் சுழன்ற முதல் தட்டு. ஸ்டாக்ஹோம் குழு. பாடகர் செபாஸ்டியன் மர்ஃபி கலிஃபோர்னியாவிலிருந்து வந்தவர், பச்சை குத்தும் தொழில் செய்தவர். குடித்துவிட்டு நியாயம் பேசுகிற ஆளின் குரலில் பாடுவார், பின்னால் பேஸும் சாக்சபோனும் சேர்ந்து சண்டைக்கு இழுக்கும். கடைசியில் மறைந்த ஜான் பிரைனின் பாட்டு ஒன்றை ஆஸ்திரேலியப் பாடகி எமி டெய்லருடன் சேர்ந்து பாடியிருப்பார். அத்தனை கிண்டலுக்கும் பிறகு அந்த ஒரு பாட்டில் மனுசன் இளகிவிடுவார். “என்ன பாட்டுடா கேக்குற, குழுவுக்குப் பேரு என்ன?” என்று அம்மா போனில் கேட்டபோது, ஸ்வீடன்காரங்கம்மா, பேரு வாயில நுழையாது என்று சொல்லித் தப்பித்தேன். அக்டோபரில் அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் பெஞ்சமின் வல்லே இறந்துபோனார். அதன்பின் அந்தத் தட்டைக் கேட்கும்போது சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

இரண்டு மாதத்தில் அதே தட்டில் ‘ஸ’, ‘ஷ’ வருகிற இடமெல்லாம் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரிச் சத்தம். அச்சில்தான் கோளாறு என்று எண்ணி ஒரு பழைய ரெக்கார்ட் கடைக்கு எடுத்துப் போனேன். ஆண்ட்ரா லோங்கத்தான் என்ற தெரு அது. ஆந்திராவுக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஸ்வீடிஷில் ஆண்ட்ரா என்றால் இரண்டாவது. கடைக்காரர் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “எதில் போடுகிறாய்?” என்றுதான் கேட்டார். பதில் சொன்னதும் அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. மறுநாள் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனேன். ஊசியின் எடையை அளக்க ஒரு குட்டித் தராசு வைத்திருந்தார். ஐந்து கிராமைத் தாண்டிக் காட்டியது. ஒழுங்கான டர்ன்டேபிளில் ஒன்றரை முதல் இரண்டு கிராம்தான் இருக்குமாம். அதாவது நான் பாட்டுக் கேட்கவில்லை, ஒவ்வொரு முறையும் தட்டை உழுதுகொண்டிருந்தேன். அவரிடமே 1,200-க்கு ஒரு பழைய டர்ன்டேபிள் வாங்கினேன். முப்பது வயசு இருக்கும் அதற்கு, இன்றுவரை ஒரு முணுமுணுப்பில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தயவுசெய்து சூட்கேஸ் பெட்டி பக்கம் போகாதீர்கள். ஊசியின் எடையைத் திருகிக் கூட்டிக் குறைக்க முடிகிற பழைய மெஷின் ஒன்றை, கடைக்காரரே இணைத்துக் கேட்கவைத்த பிறகு வாங்குங்கள். என் 799 போனது போனதுதான். அந்தப் பெட்டியை எங்கள் கட்டடத்தின் சலவை அறையில் “எடுத்துக்கொள்ளலாம்” என்று சீட்டு ஒட்டி வைத்தேன். மறுநாளே காணோம். எடுத்தவரின் தட்டுகளை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் குற்ற உணர்ச்சி.

இதற்கிடையில் சுங்கக் கதை தொடங்கிவிட்டது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஜனவரி 15-ஆம் தேதி பொம் பொக்கோவின் ‘சீட்டர்’ வந்தது. நோர்வே குழு, நாலு பேரும் ட்ரோண்ட்ஹெய்மில் ஜாஸ் படித்தவர்கள். பாடகி ராக்ன்ஹில்ட் ஃபாங்கெலின் குரல் ஊஞ்சலில் ஆடுகிற சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி, அதன்மேல் கிட்டார் வந்து தகரக் கூரையில் கல் எறிகிற மாதிரி விழும். தாளம் பிடிபட்டுவிட்டது என்று முழங்காலில் தட்டத் தொடங்கினால் நாலாவது தட்டில் வழுக்கிவிடும். இவ்வளவு படித்துவிட்டு இவ்வளவு குறும்பு செய்கிறார்களே என்று எனக்குப் பொறாமை. தட்டு லண்டன் நிறுவனமான பெல்லா யூனியனுடையது, அதனால் லண்டனிலிருந்தே வாங்கினால் சீக்கிரம் வரும் என்று ஒரு பிரிட்டிஷ் கடையில் சொல்லிவிட்டேன். தட்டு 22 பவுண்டு, தபால் 12 பவுண்டு, ஏறக்குறைய 390 குரோனர். அந்த ஜனவரி முதல் தேதியிலிருந்தே பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே போய்விட்டது என்பது செய்தியில் படித்ததுதான், என் தட்டுக்கும் அது பொருந்தும் என்று மூளைக்கு எட்டவில்லை. பத்து நாள் கழித்துக் குறுஞ்செய்தி: ‘மோம்ஸ்’ எனப்படும் மதிப்புக் கூட்டு வரி 25 விழுக்காடு, கையாளும் கட்டணம் 75 குரோனர், இரண்டும் சேர்த்து 172 கட்டினால்தான் பார்சல். வரியைத் தட்டின் விலைக்கு மட்டும் போடுவதில்லை, தபால் செலவுக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். இன்னொரு கொடுமை, அந்த 22 பவுண்டுக்குள் பிரிட்டனின் 20 விழுக்காடு வரியும் ஏற்கெனவே இருந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது நல்ல கடைகள் அதைக் கழித்துவிடும், என் கடை கழிக்கவில்லை, எனக்குக் கேட்கவும் தெரியவில்லை. இரண்டு நாட்டுக்கும் வரி கட்டி 562 குரோனருக்கு வாங்கிய தட்டு, பிப்ரவரியில் என் வீட்டிலிருந்து டிராமில் பத்து நிமிடத் தூரத்துக் கடையில் 279-க்குக் கிடந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புத்தி வந்திருக்க வேண்டும் இல்லையா? வரவில்லை. பிரிட்டன்தானே வெளியே, நோர்வே பக்கத்து நாடு, எல்லையில் பாஸ்போர்ட்கூடப் பார்க்க மாட்டார்களே என்று ஏப்ரலில் மோட்டர்சைக்கோவின் ‘கிங்டம் ஆஃப் ஒப்லிவியன்’ இரட்டைத் தட்டை ஓஸ்லோவிலிருந்து வரவழைத்தேன். நோர்வே ஷெங்கன் என்ற பாஸ்போர்ட் சோதனையில்லாப் பயண வட்டாரத்தில் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆளுக்குத் திறந்திருக்கும் கதவு பார்சலுக்குத் திறக்காது. தட்டும் தபாலும் 549, அதன்மேல் வரி 137, மறுபடி அந்த 75, ஆக 761. கோத்தன்பர்க்கில் அதன் விலை 379. இதில் வேடிக்கை என்னவென்றால், 1989-இல் ட்ரோண்ட்ஹெய்மில் தொடங்கிய இந்தக் குழுவுக்கு இந்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த தோமஸ் யார்மிர் ஸ்வீடன்காரர். ஸ்வீடன்காரர் வாசித்த டிரம்ஸ் ஸ்வீடனுக்குள் நுழைய நான் வரி கட்டியிருக்கிறேன். குழுவின் தட்டுகளை வெளியிடும் ஸ்டிக்மன் நிறுவனம் ஹாம்பர்க்கில் இருக்கிறது, அங்கிருந்து வாங்கியிருந்தால் ஒரு பைசா சுங்கம் கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது. நோர்வே குழுவை ஜெர்மனியில் வாங்கு, டென்மார்க் குழுவை ஒன்றியத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் வாங்கு, லண்டன் தட்டுக்கு உள்ளூர்க் கடையில் காத்திரு. ஸ்வீடனில் உட்கார்ந்து ஸ்காண்டிநேவியப் பாட்டுக் கேட்கிறவனுக்கு இதுதான் புவியியல். குழு எந்த ஊர் என்பதை விட்டுவிட்டு, பார்சல் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். கடையின் இணைய முகவரி உள்ளூர் மாதிரி இருந்தாலும் கிடங்கு வேறு நாட்டில் இருக்கலாம், ‘அனுப்பும் இடம்’ என்ற வரியைத் தேடிப் படியுங்கள். 2021 ஜூலை முதல் 22 யூரோவுக்குக் குறைந்த பொருளுக்கு இருந்த வரிவிலக்கும் ஐரோப்பாவில் போய்விட்டது. அதற்குப் பதிலாகச் சில கடைகள் வரியைத் தாங்களே வாங்கிக் கட்டிவிடுகின்றன, அப்படிப்பட்ட கடை என்றால் வீட்டு வாசலில் அதிர்ச்சி இருக்காது. மோட்டர்சைக்கோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எழுபது நிமிடம், நாலு பக்கம். ஒரு பக்கம் முடிந்து தட்டைத் திருப்ப எழுந்து போகிற அந்த இடைவெளி இல்லாமல் அந்தக் கனத்தைத் தாங்க முடியாது. ஸ்ட்ரீமிங்கில் எனக்கு அது மூச்சு முட்டியது.

ஏப்ரல் 30 அன்று கேர்ள் இன் ரெட்டின் முதல் ஆல்பம். இந்தப் பெயரில் பாடும் மாரி உல்வென் ஹோர்ட்டென் என்ற நோர்வே சிற்றூரைச் சேர்ந்தவர், படுக்கையறையில் பாட்டுப் பதிந்து இணையத்தில் போட்டு வளர்ந்த பெண். “கேர்ள் இன் ரெட் கேட்பாயா?” என்ற கேள்வி, பெண்ணை நேசிக்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளும் சங்கேதமாகவே ஆகிவிட்டது. ஆல்பம் முழுதும் எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். முதல் பாட்டில் மனசின் பயங்களை வரிசையாகப் போட்டு உடைக்கிற வேகம் பிறகு எங்கும் திரும்பவில்லை. ஆனால் இந்தத் தட்டு கற்றுக்கொடுத்த பாடம் வேறு. சுங்கத்தில் அடிபட்டவன் இதை ஸ்வீடன் கடையிலேயே, முன்பதிவாக, “முப்பது நாள் கழித்துப் பணம் கட்டலாம்” என்ற வசதியில் வாங்கினேன். தட்டு வந்தது, பில் மின்னஞ்சலில் குப்பைப் பெட்டிக்குள் போய் விழுந்தது. நினைவூட்டல் கட்டணம் 60. அதையும் பார்க்கவில்லை. அடுத்து வசூல் நிறுவனத்திடமிருந்து ‘இன்காசோ’ என்று தடித்த எழுத்தில் கடிதம், மேலும் 180. அன்று இரவு தூக்கமில்லை. பெயரில் கடன் கறை விழுந்தால் இந்த நாட்டில் வாடகை வீடோ போன் ஒப்பந்தமோ கிடைப்பது பெரும்பாடு என்று கேள்விப்பட்டிருந்தேன். தனி ஆளாக இருந்தால் பயம் இரட்டிப்பாகிறது, யாரிடமாவது கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெளிந்திருக்கும். இன்காசோ கடிதம் வந்ததாலேயே கறை விழாது. கட்டாமல் விட்டு, விஷயம் அரசின் கடன் அமலாக்க அலுவலகம் வரை போய் அங்கே முடிவானால்தான் அது பதிவாகும். அன்றைக்கே கட்டி முடித்தேன். முன்பதிவுக்கும் ‘பிறகு கட்டு’ வசதிக்கும் ஆகவே ஆகாது. தட்டு வரும் தேதியே நிச்சயமில்லாத காலம் அது. 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் எரிந்துபோன அப்போலோ மாஸ்டர்ஸ், தட்டு வெட்டத் தேவையான லாக்கர் என்ற பூச்சுத் தட்டுகளைச் செய்யும் உலகின் இரண்டே பெரிய ஆலைகளில் ஒன்று. அதற்குமேல் கொரோனா, அதற்குமேல் எல்லோருக்கும் வினைல் ஆசை. நான் முன்பதிவு செய்த இன்னொரு தட்டுக்குத் தேதி மூன்று முறை தள்ளிப்போனது. பொருள் கைக்கு வரும் முன்பே பில்லின் கெடு ஓடத் தொடங்கிவிடுமோ என்ற கவலையோடு பாட்டுக் கேட்க முடியாது.

ஐஸேஜுக்கு வருகிறேன். கோபன்ஹேகன் பையன்கள், பதின்வயதில் பங்க் வாசித்து மேடையில் ரத்தம் பார்த்தவர்கள். மே 7-இல் வந்த ‘சீக் ஷெல்டர்’ லிஸ்பனில், கூரையில் மழை ஒழுகிய பழைய ஸ்டுடியோ ஒன்றில் 12 நாளில் பதிவானது. சோனிக் பூம் என்கிற பீட்டர் கெம்பர் தயாரிப்பு, லிஸ்பனின் தேவாலயப் பாடகர் குழு ஒன்று கூடப் பாடுகிறது. தட்டு வந்தபோது என் டர்ன்டேபிளின் பெல்ட் அறுந்திருந்தது. புது பெல்ட் வரும்வரை தட்டை உறை பிரிக்காமல் ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்தேன். ஜூன் மாதம், தெற்குப் பார்த்த ஜன்னல், காலை நாலேகாலுக்கு வந்து இரவு பத்தேகாலுக்குப் போகிற சூரியன். பெல்ட் வந்து தட்டைப் போட்டேன். முதல் பாட்டில் கிட்டார் மெல்ல மேலே போய்க் கீழே வருகிறது, கோரஸ் அலையில் மிதக்கிறது, பாடகர் ரோனன்ஃபெல்ட்டின் குரல் கள் குடித்த மாதிரித் தள்ளாடுகிறது. ஆகா, இதல்லவா தயாரிப்பு, மழை ஒழுகிய ஸ்டுடியோவையே ஒலிக்குள் கொண்டுவந்துவிட்டார்களே என்று உருகி, நண்பர்களுக்கு நீளமாக எழுதியும் தள்ளினேன். பத்து நாள் கழித்து ஆய்வகத்தில் ஹெட்போனில் கேட்டால் பாட்டு நேராக நிற்கிறது. வீட்டுக்கு வந்து தட்டைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தேன். அப்பளம் பொரிந்த மாதிரி வளைந்திருந்தது. வெயில் ஒரு பக்கம், சூட்டில் சுருங்கி இறுக்கிய பிளாஸ்டிக் உறை இன்னொரு பக்கம். புதுசு வாங்க 289 குரோனர். தட்டு வந்த அன்றே உறையைப் பிரியுங்கள், நிமிர்த்தி நெருக்கமாக அடுக்குங்கள், ஜன்னலும் ரேடியேட்டரும் ஆகாது. அக்டோபரில் சூடேற்றி ஒரு நாள் தானாகவே ஓடத் தொடங்கும், நம்மிடம் சொல்லிவிட்டு வராது. பிரித்துக் கேட்ட தட்டை, பிடிக்கவில்லை என்று 14 நாளுக்குள் திருப்பி அனுப்பும் உரிமையும் கிடையாது, முத்திரை உடைந்த இசைத்தட்டுக்கு அது பொருந்தாது. ஆனால் அச்சிலேயே பழுது என்றால் கதை வேறு, ஸ்வீடனில் கடையிடம் மூன்று ஆண்டு வரை முறையிடலாம். தனியாளிடம் பழசாக வாங்கினால் அந்தச் சட்டம் துணைக்கு வராது. என் விஷயத்தில் பழுது சூரியனிடம், யாரிடம் முறையிட? ஒரு ரகசியம்: வளைந்த தட்டை இன்னும் எறியவில்லை. புதிய தட்டு நேர்த்தியாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் பாட்டுக்கு மட்டும் அந்தத் தள்ளாட்டம் வேண்டியிருக்கிறது.

ஜூன் 18-இல் கிங்ஸ் ஆஃப் கன்வீனியன்ஸின் ‘பீஸ் ஆர் லவ்’ வந்தபோது வாங்கவே பயம். நோர்வேயின் பெர்கன் ஊரைச் சேர்ந்த இரண்டு பேர், இரண்டு கிட்டார், 12 ஆண்டு இடைவெளிக்குப் பின் ஆல்பம். ஐந்து ஆண்டுகள், ஐந்து ஊர்களில் பதிவு செய்தும், மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து வாசித்த மாதிரி இருக்கிறது. ஓஸ்லோவில் ஒரு அண்ணன் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், நண்பன் மூலம் பழக்கம். அவரிடம் சுங்கப் புலம்பலைக் கொட்டினேன். “தம்பி, ஏன் இப்பிடிக் காசைக் கரியாக்குறீர்? அக்டோபரிலை ஒரு கலியாணத்துக்கு உங்காலை வாறன், வரேக்க கொண்டுவந்து தாறன்” என்றார். தரைவழியாக வரும் பயணி தன் கையில் கொண்டுவரும் பொருளுக்கு 300 யூரோ வரை ஐரோப்பிய ஒன்றியத்தில் வரி கிடையாது. தனியாள் அனுப்பும் அன்பளிப்பாக இருந்தால் தபாலிலேயே 45 யூரோ வரை விலக்கு உண்டு. வேலை செய்யும் வழி இவ்வளவு எளிது. நாலு மாதம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செப்டம்பர் 17 எனக்குத் தனிப்பட்ட நாள். ஹோசே கொன்சாலஸின் ‘லோக்கல் வேலி’. கோத்தன்பர்க்கிலேயே பிறந்தவர், பெற்றோர் அர்ஜென்டினாவிலிருந்து வந்தவர்கள். இதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, பாதியில் விட்டுவிட்டுக் கிட்டாரைத் தூக்கியவர். ஆய்வகத்தில் சோதனை நாலாவது முறையாகச் சொதப்பிய வாரம் அது, அவர் கதையை நினைக்காமல் எப்படி இருப்பது? இந்த ஆல்பத்தில்தான் முதல் முறையாக ஸ்பானிஷிலும் ஸ்வீடிஷிலும் பாடியிருக்கிறார். முதல் பாட்டு ஸ்பானிஷில், மகளைப் பற்றி. நாற்பது தாண்டிய பிறகுதான் ஒரு மனிதர் வீட்டு மொழியில் பாடத் தொடங்கியிருக்கிறார். அந்தப் பாட்டு முடிந்ததும் ஊசியைத் தூக்கிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன், ஒன்றும் பேசத் தோன்றவில்லை, என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டு வைத்துவிட்டேன். இந்தத் தட்டை நடந்துபோய் வாங்கினேன். சுங்கம் இல்லை, பில் இல்லை, பைக்குள் வைத்து அணைத்தபடி டிராமில் திரும்பினேன்.

டென்மார்க் குழுவான எஃப்டர்க்ளாங்கின் ‘விண்ட்ஃப்ளவர்ஸ்’ எட்டாவது. அழகு, நல்ல குளிர்காலத் தட்டு. அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நவம்பரில் நாற்பது ஆண்டு கழித்து ஸ்வீடனின் ‘அப்பா’ (ABBA) குழுவின் புது ஆல்பம் வந்து எல்லாக் கடை ஜன்னலையும் நிறைத்தது, என் பட்டியலில் அதற்கு இடமில்லை என்றதற்கு ஆய்வகத்தில் ஒருத்தி இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அதே மாதம், கட்டுப்பாடெல்லாம் போன பிறகு, முதல் முறையாக ஒரு சின்ன கிளப்பில் நேரடி நிகழ்ச்சி பார்த்தேன். ஏக்கத்தில் ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்று, மூன்று நாள் காதுக்குள் ரீங்காரம். இங்கே அரங்குகளுக்குச் சராசரி 100 டெசிபல் என்று சுகாதாரத் துறையின் வரம்பு உண்டு, ஆனால் ஸ்பீக்கருக்கு ஒரு கை தூரத்தில் நிற்கிறவனை வரம்பு காப்பாற்றாது. நுழைவாயிலில் இலவசமாக வைத்திருந்த நுரைக் காதடைப்பான்களைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போனேன், முட்டாள்.

ஆண்டு முடிவில் நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். சூட்கேஸ் 799, லண்டன் பார்சலில் கூடுதலாகப் போனது 283, ஓஸ்லோ பார்சலில் 382, இன்காசோ வகையில் 240, சூரியனுக்கு 289. மொத்தம் 1,993 குரோனர், அப்போதைய கணக்கில் பதினேழாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அந்தப் பணத்துக்கு இன்னும் ஆறு தட்டு வாங்கியிருக்கலாம். வரிசையையும் எழுதிவிட்டேன்: முதலில் ஐஸேஜ், அடுத்து கொன்சாலஸ், மூன்றாவது பொம் பொக்கோ, மற்றதெல்லாம் மனநிலையைப் பொறுத்து மாறும். ஐஸ்லாந்தும் பின்லாந்தும் எங்கே என்று கேட்காதீர்கள், அவை நோர்டிக் நாடுகள், ஸ்காண்டிநேவியா அல்ல, என் பணப்பையும் அதற்குமேல் தாங்காது.

2022 ஜனவரி 28-இல் நோர்வேயின் மத்ருகாதா குழுவுக்கு 14 ஆண்டுக்குப் பிறகு ஒரு புது ஆல்பம் வருவதாக இருந்தது. ஓர் இரவு ஓஸ்லோ அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன், அடுத்த முறை வரும்போது ஒன்று வாங்கி வர முடியுமா என்று. காலையில் பதில் வந்திருந்தது: “ரெண்டு எடுக்கிறன். ஒண்டு எனக்கு.”